சும்மா ஒரு சுற்று: காவிரிக்கரையில் சைக்கிள் ஓடிய கதை

குத்தாலம் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர், "இப்போ சீசனா? அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்பார். அது குற்றாலம், தென்காசிப் பக்கம். இது குத்தாலம். மயிலாடுதுறைக்கு மேற்கே, கும்பகோணம் போகும் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. குத்தாலம் என்பது ஆத்தி இனத்து மரம் ஒன்றின் பெயர். அதுவே ஊருக்கும் பெயராகிவிட்டது. இங்கே அருவி கிடையாது, மலை கிடையாது, ஒரு சின்னக் குன்றுகூடக் கிடையாது.

"அப்புறம் சுத்திப் பார்க்க அங்க என்னதான் இருக்கு?"

கையில் ஒரு சைக்கிள் இருந்தால் நிறைய இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் சைக்கிளில் ஊர் சுற்றும் சுகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ஒரு வரலாற்றுக் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. சைக்கிள் நம் நாட்டுக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெருவில் சைக்கிளோடு போகும்போது "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டால், "சும்மாதான், ஒரு சுத்து" என்று பதில் சொல்லிவிட்டுப் போகும் உரிமை இந்த நூறு வருஷத்தில் யார் யாருக்கு இருந்தது?

அற்பக் கேள்வி மாதிரி தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் தரையைப் பார்ப்போம்

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கும்பகோணம் சுமார் 25 மீட்டர், மயிலாடுதுறை சுமார் 11 மீட்டர். பூம்புகாரில் கடல். தஞ்சாவூரிலிருந்து பூம்புகார் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சொச்சம்தான் சரிவு. கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும். அந்தச் சரிவை வைத்துக்கொண்டுதான் காவிரி இத்தனை கிளையாகப் பிரிந்து இத்தனை வயலுக்குப் பாய்கிறது.

சைக்கிள்காரனுக்கு இதைவிட நல்ல பூமி கிடையாது. கியர் வைத்த சைக்கிள் தேவையில்லை. பழைய கறுப்பு சைக்கிளின் ஒற்றைக் கியரே போதும். டெல்டாவின் மலைகள் எல்லாம் ஆற்றுப் பாலங்கள்தான். பாலத்தில் ஏறும்போது நாலு மிதி அழுத்தி மிதிக்க வேண்டும், இறங்கும்போது பெடலை விட்டுவிடலாம். அவ்வளவுதான் மலையேற்றம்!

இங்கே திசைக்கு ஒரு விதமான பயணம் உண்டு. கிழக்கு மேற்காகப் போனால் ஏதாவது ஒரு ஆறு கூடவே வரும். வடக்கு தெற்காகப் போனால் ஆறுகளை எண்ணிக்கொண்டே போகலாம். வடக்கே கொள்ளிடத்தில் ஆரம்பித்தால் மண்ணியாறு, காவிரி, வீரசோழன், அரசலாறு, திருமலைராசன் ஆறு என்று வரிசையாக வரும். நடுவில் வாய்க்கால்களுக்குக் கணக்கே இல்லை. தேவாரத்தில் குத்தாலத்தின் பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றுக்கு நடுவில் உள்ள நிலம். பெயர் வைத்தவர்கள் இந்தப் பூமியைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். பாடல் பெற்ற தலங்கள் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127 என்று கணக்குச் சொல்வார்கள். நாயன்மார்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடிய காலத்தில் ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயிலுக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நடை. அதே தூரம் சைக்கிளில் கால் மணி, அரை மணி. குத்தாலத்தை நடுவில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மேற்கே திருவாவடுதுறை ஆதீனம், அதை ஒட்டி நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டை (அந்த நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது). வடக்கே ஆற்றைத் தாண்டினால் திருமணஞ்சேரி. தெற்கே கம்பர் பிறந்த தேரழுந்தூர். கிழக்கே மயிலாடுதுறை. 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், பிறகு அவரோடு திருவாவடுதுறைக்குப் போனார். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் குத்தாலம் இருக்கிறது. அப்போது நடை அல்லது மாட்டுவண்டி. இன்று ஒரு காலைப்பொழுதில் சைக்கிளில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆக, தரை தயாராக இருந்தது. வண்டிதான் வரவேண்டியிருந்தது.

வெள்ளைக்காரர்களின் 'சும்மா'

இரண்டு சக்கரமும் ஒரே அளவில், பின்சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு, இன்று நாம் பார்க்கும் உருவத்தில் சைக்கிள் வந்தது 1885-ல். இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' அது. 1888-ல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதுவரை எலும்பை உலுக்கிய வண்டி அதன்பிறகு சுகமான வண்டி ஆயிற்று.

சுகம் வந்ததும் ஊர் சுற்றுவதும் பெருகியது. சைக்கிள் பயணிகளுக்கு இங்கிலாந்தில் 1878-லேயே சங்கம் இருந்தது. 1894-ல் பர்மிங்காமில் 'கிளாரியன்' என்ற பெயரில் சோஷலிஸ்டுகள் ஒரு சைக்கிள் சங்கம் ஆரம்பித்தார்கள். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் கிடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிராமப்புறங்களுக்கு மிதித்துக்கொண்டு போனார்கள், போகிற இடத்தில் துண்டறிக்கையும் கொடுத்தார்கள். வேலை செய்கிறவனுக்கும் நல்ல காற்றும் பச்சை வயலும் வேண்டும் என்பது அங்கே அரசியலாகவே இருந்தது.

இந்தியாவைச் சைக்கிளில் சுற்றிப் பார்த்த ஆரம்பகாலப் பயணிகளில் முக்கியமானவர்கள் ஃபானி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி. 1897 நவம்பரில் கிளம்பும்போது அந்த அம்மாவுக்கு வயது 38, கணவருக்கு 50. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை வருஷம் சுற்றினார்கள். இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை ஏறக்குறைய 14,000 மைல் சைக்கிள் மிதித்தார்கள். சில நாட்களில் நாற்பது பஞ்சர் வரை ஒட்ட வேண்டியிருந்ததாம்! (நமக்கு ஒரு பஞ்சருக்கே முகம் சுருங்கிவிடுகிறது.) அவர்கள் தேடிப் போனது கோயில்களையும் பழைய கட்டிடங்களையும். அந்தக் கட்டிடங்களைச் சுற்றி வாழ்ந்த மக்கள்மேல் அவர்களுக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. 1904-ல் வந்த அவர்களுடைய புத்தகத்தைப் படித்தவர்கள் இதைக் குறையாகவே சொல்கிறார்கள்.

அவர்களிடம் பணம் இருந்தது, நேரம் இருந்தது, ஆளும் இனத்தவரின் தோல் நிறமும் இருந்தது. 'சும்மா' சுற்ற அன்றைக்கு இந்த மூன்றும் வேண்டும்.

நம்மவர்கள் சுற்றவில்லையா? சுற்றினார்கள். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். மூன்று பேர் வழியில் விலகிக்கொள்ள, அடி ஹகிம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூன்று பேரும் 44,000 மைல் முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். அன்றைய நிலையில் இது எவ்வளவு பெரிய காரியம்! ஆனாலும் அதுவும் பெரிய நகரத்துப் பிள்ளைகளின் கதைதான்.

அதே காலத்தில் நம் டெல்டாவுக்கும் சைக்கிளுக்கும் வேறு ஒரு தொடர்பு இருந்தது. காற்றடைத்த டயருக்கு ரப்பர் வேண்டும். முதலில் சைக்கிளும் பிறகு மோட்டார் காரும் கேட்ட ரப்பருக்காக மலாயாவில் காடு அழிந்து தோட்டங்கள் வந்தன. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தஞ்சை, திருச்சி ஜில்லாக்களின் நிலமற்ற குடும்பங்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கின. ஒருவர் ஊர் சுற்றுவதற்கான டயருக்கு, ஊரை விட்டே போய் இன்னொருவர் பால் வெட்டினார். சைக்கிள் சுகத்தின் வரலாற்றில் இந்த வரியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நம்ம ஊரில் சைக்கிள் என்றால் வேலை

ஆரம்பத்தில் எல்லாம் சீமைச் சரக்கு. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. மிராசுதார் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் இருக்கும். பிறகு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடும் சீர் ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஹெர்குலிஸ் அம்பத்தூரிலிருந்து வந்தது. வடக்கே 1951-ல் அட்லஸ், 1956-ல் ஹீரோ. மெல்ல மெல்ல வாத்தியாரும் போஸ்ட்மேனும் வாங்கினார்கள். உள்ளாட்சிகள் வரி போட்டு, சைக்கிளில் மாட்ட வில்லை கொடுத்தன. ராத்திரி விளக்கில்லாமல் போனாலும், 'டபுள்ஸ்' போனாலும் போலீஸ் பிடித்தது.

டெல்டாவில் சைக்கிள் ஒரு சுமைமாடு மாதிரி உழைத்தது. நெல் மூட்டை, வாழைத்தார், பால் கேன், புல்லுக்கட்டு எல்லாம் கேரியரில் ஏறின. கடற்கரையிலிருந்து விடியற்காலையில் மீன் கூடையோடு கிளம்பி, ஹாரனை அமுக்கிக்கொண்டு தெருத்தெருவாக மேற்கே வரும் மீன்காரர்களுக்குக் கடிகாரமும் சைக்கிளும்தான் முதலீடு. மீன் கெடுவதற்குள் கூடை காலியாக வேண்டும்.

இவர்கள் யாரும் 'லெஷர் சைக்கிளிங்' செய்ததாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆற்றங்கரையில் மூங்கில் நிழலில் காற்றுத் தள்ள, பெடலை விட்டுவிட்டுப் போகும் அந்த ரெண்டு நிமிஷம் அவர்களுக்கும் சுகமாக இருந்திருக்காதா என்ன? அந்தச் சுகத்துக்குப் பெயர் வைக்கவில்லை, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் சுகத்துக்கு எப்போதும் ஒரு வேலை சாக்காக வேண்டும்.

வாடகைக் கடைதான் நம் சைக்கிள் சங்கம்

சாக்கு இல்லாத சுகத்தை நமக்குக் கொடுத்தது வாடகை சைக்கிள் கடை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தகரக் கொட்டகை. மட்கார்டில் நம்பர் எழுதிய வண்டிகள் வரிசையாக. பெரியவர்களுக்கு முழு வண்டி, பையன்களுக்கு அரை வண்டி, முக்கால் வண்டி. ஒரு நோட்டில் பேர், எடுத்த நேரம். மணிக்கு இவ்வளவு என்று காசு. முழு வண்டியில் சீட்டுக்கு எட்டாதவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் 'குரங்கு பெடல்' அடித்தார்கள். அந்தப் பெயரிலேயே 2024-ல் ஒரு படம் வந்தது. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் எடுத்தது.

வாடகை சைக்கிள் எடுத்த பையனுக்குப் போக இடம் எதுவும் இல்லை. போவதுதான் வேலை. ஒரு மணி நேரம் முடிவதற்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியும் என்பதுதான் கணக்கு. அது அப்பட்டமான 'சும்மா'. அந்த விதத்தில் இங்கிலாந்துக்காரர்களின் சங்கத்துக்கும் நம் தகரக் கொட்டகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் யாருக்கு? கடைக்காரர் வண்டி கொடுக்கும் முன் "யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்குச் சிலரால் சுலபமாகப் பதில் சொல்ல முடியும். சிலரால் முடியாது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தலித்துகள் ஆதிக்க சாதித் தெருக்களில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற 'கட்டுப்பாடு' இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் இந்த நூற்றாண்டிலும் பதிவு செய்திருக்கின்றன. ஏன் சைக்கிள்? சீட்டில் உட்கார்ந்தால் தலை கொஞ்சம் உயர்கிறது, கால் தரையில் படுவதில்லை. நின்று வணக்கம் சொல்லாமல் கடந்து போய்விட முடிகிறது. கோபம் அதன்மேல்தான்.

பெண்களுக்கு? வாடகைக் கடை வாசலில் பெண் பிள்ளைகள் நின்றது அபூர்வம்.

அரை மணி நேர வாடகை

இது மாறிய இடம் டெல்டாவுக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது, புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் இயக்கத்தோடு சேர்த்தார். கூலி வேலைக்குப் போகும் பெண்கள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது, பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பயன்களைச் சொல்வார்கள். தண்ணீர் கொண்டுவரலாம், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். எல்லாம் உண்மை. ஆனால் சாய்நாத் எழுதியதில் என்னை நிறுத்தியது வேறு ஒரு செய்தி. ஒரு பள்ளி ஆசிரியை. சொந்தமாக வாங்க வசதியில்லை. தினமும் சாயங்காலம் அரை மணி நேரத்துக்கு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாராம். தண்ணீர்க் குடம் இல்லை, சந்தை இல்லை, பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டது. அந்த அரை மணி நேரம் முழுக்க அவருடையது.

ஃபானி வொர்க்மனின் 14,000 மைலையும் இந்த அரை மணியையும் பக்கத்தில் வைத்தால், எனக்கு இரண்டாவதுதான் நீண்ட பயணமாகத் தெரிகிறது.

வண்டி கிடைத்தது, நேரம் கிடைத்ததா?

தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06-ல் அது அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பள்ளி விடும் நேரத்தில் டெல்டாவின் எந்தக் கிராமச் சாலையிலும் சீருடையோடு வரிசையாகச் சைக்கிளில் போகும் பெண்களைப் பார்க்கலாம். சந்தேகமே இல்லை, பெரிய மாற்றம்.

ஆனால் கவனித்துப் பாருங்கள். வீடு, பள்ளி, டியூஷன், வீடு. அரை மணி தாமதமானால் வாசலில் கேள்வி. பையனென்றால் "எங்கடா சுத்திட்டு வர்ற?" என்ற அதட்டலோடு முடிந்துவிடும், பெண்ணென்றால் அவ்வளவு சுலபத்தில் முடியாது. படிப்பு முடிந்ததும் சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் சாய்கிறது. அடுத்து ஸ்கூட்டர். சைக்கிள் கிடைத்துவிட்டது, 'சும்மா' இன்னும் பாதிதான் கிடைத்திருக்கிறது.

இன்னொரு பக்கம், நகரங்களில் நெடுந்தூர சைக்கிள் ஒரு ஆர்வமாக வளர்ந்திருக்கிறது. 1891-ல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்தின் வழியில் 'பிரெவே' என்ற பயணங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டர் என்றால் பதின்மூன்றரை மணி நேரம், 600 என்றால் 40 மணி நேரம். இதில் முதல் பரிசு கிடையாது, நேரத்துக்குள் முடித்தால் போதும். நல்ல விஷயம்தான். ஆனால் வாத்தியாரும் மீன்காரரும் பழைய ஹெர்குலிஸில் தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் போய்வந்த ஊரில், சைக்கிள் சுகம் விலையுயர்ந்த வண்டி வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு என்று ஆகிவிடக்கூடாது. அது நமக்கும் பாத்தியப்பட்டது.

சரி, எங்கே போகலாம்?

குத்தாலத்திலிருந்து கிழக்கே மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அவசரமில்லாமல் மிதித்தால் மூன்று மணி நேரம். வழியில் நெல், வாழை, மூங்கில், தென்னை. கடல் நெருங்க நெருங்க மண் வெளுத்து மணலாகும், சவுக்கு மரங்கள் வரும், காற்றில் உப்பு வரும். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் பயணம் முடிகிறது.

டெல்டாவில் காட்சி கிலோமீட்டருக்கு மாறுவதைவிட மாதத்துக்கு மாறுவது அதிகம். ஆனி ஆடியில் புதுத் தண்ணீர், நாற்றங்கால், நடவு. ஆனால் மேல்காற்று: கிழக்கே போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது பழிவாங்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை, வேண்டாம். மார்கழி தை ரொம்ப நல்ல காலம், பனியும் விளைந்த சம்பாவும். மாசியில் அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பச்சையாக விரிந்திருக்கும். ஒரே சாலையில் நாலு முறை போனால் நாலு ஊர் பார்த்த மாதிரி.

நூறு கிலோமீட்டரும் வேண்டாம், முப்பத்தைந்தும் வேண்டாம். வீட்டில் ஒரு பழைய சைக்கிள் இருந்தால் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் கிளம்புங்கள். தங்கையோ அக்காவோ இருந்தால் அவர்களையும் கிளம்பச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் அம்மாவையும். வழியில் யாராவது "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். கடைக்கு, கோயிலுக்கு என்று எதுவும் சொல்ல வேண்டாம். "சும்மாதான்" என்று சொல்லிப் பாருங்கள்.